முந்திக் கிடைத்த மருந்து

அத்தியாத் தன் அண்ணன் ரகப்புக்குச் சோறு போடுவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஒரே தெரு, எதிரெதிர் வீடு. மனைவி இறந்த பிறகு பதினோரு வருஷமாக ரகப் மத்தியானச் சாப்பாட்டைத் தங்கை வீட்டில்தான் சாப்பிட்டு வந்தார். இப்போது படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் ஜன்னலை இழுத்துச் சாத்திவிடுகிறாள். அன்ஃபூஷி என்கிற அந்த மீன்துறைப் பேட்டையில் சந்து அகலம் ஆறு முழம்கூடத் தேறாது. அங்கே ஒரு ஜன்னல் சாத்தப்பட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். தெருவும் அவரவருக்குத் தோன்றியபடி பேசியது. அண்ணன் பிழைத்துக்கொண்டான், புருஷன் போய்விட்டான், அதுதான் கோபம் என்றார்கள். அது பாதிதான் சரி.

இறந்துபோனவர் ஷெஹாத்தா. அத்தியாத்துக்குப் புருஷன் ஆவதற்குப் பத்து வருஷம் முந்தியே ரகப்புக்குச் சிநேகிதன். படகுத்துறைக்குப் பின்னால் இருவருக்கும் சேர்ந்து ஒரு பட்டறை இருந்தது. மீன்பிடிப் படகுகளின் இன்ஜினை ரகப் பிரித்து மாட்டுவார். ஷெஹாத்தா பற்றவைப்பு வேலை. பதினாலு வயதிலிருந்து இருவரும் ஒரே தீக்குச்சியில் இரண்டு சிகரெட் கொளுத்தினவர்கள். தங்கையை அவனுக்குக் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டபோது, "வேற யாருக்குக் குடுக்கிறது?" என்று ரகப் திருப்பிக் கேட்டாராம். அந்தக் கல்யாணம் முப்பத்தொரு வருஷம் நீடித்தது.

முதலில் இருமியது ரகப்தான். நெஞ்சுப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஷெஹாத்தா துணைக்குப் போனார். துணைக்கு வந்தவரும் வரிசையில் நின்றபடி இருமியதைப் பார்த்துவிட்டு, நீங்களும் சட்டையைக் கழற்றுங்கள் என்றார்கள். இரண்டு படத்திலும் நிழல் இருந்தது. ரகப்புக்கு வலப்பக்கம், ஷெஹாத்தாவுக்கு இடப்பக்கம்.

"பாரு மச்சான், கூட வந்த பாவத்துக்கு எனக்கும் ஒண்ணு குடுத்து அனுப்பிட்டாங்க" என்றார் ஷெஹாத்தா வெளியே வந்து. சொல்லிவிட்டு இரண்டு சிகரெட் எடுத்தார். ஒரு கணம் இரண்டையும் பார்த்துவிட்டுச் சாக்கடையில் போட்டார்.

கடல் பொங்கிப் படகுகள் துறையை விட்டு நகராத குளிர்கால நாட்களில், இரண்டு வாரம் முன்பின்னாக இருவருக்கும் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அடுத்த வருஷம் ரம்ஜான் முடிந்ததும் எடுத்த ஸ்கேனில் இருவருக்கும் நோய் திரும்பி வந்திருந்தது. அப்போதுதான் புது மருந்தைப் பற்றிச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம், நரம்பில் சொட்டுச் சொட்டாக.

"உங்க உடம்புலயே காவல் இருக்கு" என்று விளக்கினார் புற்றுநோய்ப் பிரிவின் இளம் டாக்டர். "இந்த நோய் அந்தக் காவல்காரனோட கையைக் கட்டிப்போட்டு வெச்சிருக்கு. இந்த மருந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடும். அப்புறம் அவன் பார்த்துக்குவான்."

"நம்ம ஊரு காவல்காரனா டாக்டர்?" என்றார் ஷெஹாத்தா. "கட்டை அவிழ்த்தா நேரா டீக்கடைக்கில்ல போவான்!"

மருந்தேற்றும் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சொட்டு இறங்கும் நேரம் முழுக்க ஷெஹாத்தா பேசிக்கொண்டே இருப்பார். நர்ஸ் மெர்வத், "நீங்க ரெண்டு பேரும் வர்ற அன்னிக்கு மத்த நோயாளிங்க சீக்கிரமா வந்து இடம் பிடிக்கிறாங்க" என்பாள்.

மூன்றாவது தடவை போனபோது ஒரு ஆளுக்கான சீசாதான் வந்திருந்தது. அடுத்தது நாலு நாளில் வந்துவிடும் என்றாள் மெர்வத். யாருக்கு இப்போது என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் ஷெஹாத்தா ரகப்பின் சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டார்.

"மாப்ள, நீ போட்டுக்கடா. உனக்குத்தான் ராத்திரி பூரா இருமல்" என்றார் ரகப்.

"எனக்கு இருமல் வந்தா தட்டிக்குடுக்க உன் தங்கச்சி இருக்கா. உனக்கு யாரு இருக்கா? உட்காரு, பேசாதே."

ரகப் உட்கார்ந்தார். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவில்லை. பிற்பாடு அவரை அரித்தது அந்தச் சொல்லாமல் விட்ட இரண்டாம் தடவைதான்.

ஷெஹாத்தாவுக்கு நாலு நாள் கழித்து அவருடைய சீசா கிடைத்தது. அதற்கப்புறம் தடங்கல் ஏதும் இல்லை. ஆனால் அடுத்த ஸ்கேனில் ரகப்பின் நெஞ்சில் கொட்டைப்பாக்கு அளவு இருந்த கட்டி கடலை அளவாகியிருந்தது. ஷெஹாத்தாவுக்கு அது கல்லீரல் வரை போயிருந்தது. மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். பேச்சு குறைந்தது, பிறகு சாப்பாடு, பிறகு படுக்கையிலிருந்து எழுவது. கடைசி வாரம் அத்தியாத் அவர் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு வியாழக்கிழமை அதிகாலைத் தொழுகை அழைப்புக்குக் கொஞ்சம் முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கசப்புக் காப்பி கொடுத்து முடித்த மூன்றாம் நாள், ஆண்கள் கலைந்த பிறகு ரகப் தங்கையிடம் போனார். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு வந்த சீசா யாரு பேருக்கு வந்தது?"

"பேரு எழுதி வரலைம்மா. ஒண்ணுதான் வந்தது."

"அவரு உனக்குக் குடுத்தாரு. நீ வாங்கிக்கிட்டே."

"வேண்டாம்னுதான் சொன்னேன்..."

"எத்தனை தடவை சொன்னே?"

ரகப் தரையில் கிடந்த காப்பிக் கோப்பையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"உனக்கு உடனே கிடைச்சது, நீ நடமாடறே. அவருக்கு நாலு நாள் தள்ளிப்போச்சு, போயிட்டாரு. எனக்குப் படிப்பு இல்லே, ஆனா கணக்குத் தெரியும். இனிமே இந்த வாசல் மிதிக்காதே."

அதோடு ஜன்னல் சாத்தப்பட்டது.

ரகப் அதை மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அவரும் படுக்கையில் புரண்டபடி அதையேதான் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தவணை மருந்துக்கு அவர் போகவில்லை, அதற்கடுத்ததற்கும் போகவில்லை. மெர்வத் போன் செய்தால் எடுக்கவில்லை. பட்டறையைத் திறப்பார், ஷெஹாத்தாவின் வெல்டிங் முகமூடி தொங்கும் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார், வந்த வேலையைத் திருப்பி அனுப்புவார்.

மூன்றாம் மாதம் மெர்வத்தே தேடிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாள். கையில் காய்கறிப் பை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழி.

"நாலு தவணை விட்டுட்டீங்க. செத்துப்போறதா முடிவு பண்ணிட்டீங்களா? பண்ணிட்டா சொல்லிடுங்க, பேரை அடிச்சிடறேன். காத்திருக்கிறவங்க நிறைய பேரு."

"அடிச்சிடும்மா. எனக்கு வந்ததே இன்னொருத்தனோடது."

அவள் பையைக் கீழே வைத்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, கைத்தொழில்காரர்களை அழைக்கும் மரியாதையோடு, "நாலு நாளால ஒண்ணும் ஆகாது உஸ்தா. அந்த மருந்து ஒரு தடவை ஏறினா வாரக்கணக்குல உடம்புல நிக்கும்" என்றாள்.

"நீ அப்படித்தான் சொல்லுவே. உங்க ஆஸ்பத்திரியிலதானே மருந்து வராமப் போச்சு."

மெர்வத்துக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வாங்க. உங்க ரெண்டு பேரு சதையையும் கண்ணால பார்த்தவங்ககிட்டக் கூட்டிட்டுப் போறேன். அவங்க எனக்காகப் பொய் சொல்ல மாட்டாங்க. யாருக்காகவும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

டாக்டர் இன்ஷிராஹின் அறை ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது. நோயாளிகள் அங்கே வருவதில்லை. நோயாளிகளிடமிருந்து வெட்டி எடுத்தவைதான் வரும். அறுபதை நெருங்கும் பெண்மணி, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, மேஜையில் ஆறிப்போன டீ. முப்பது வருஷமாக நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து முதுகு லேசாக வளைந்திருந்தது. ரகப்பின் பெயரைக் கேட்டதும் முகத்தை அல்ல, ஒரு கணம் நெஞ்சின் வலப்பக்கத்தைப் பார்த்தார்.

"நாலு நாள் தாமதம் உங்க மச்சானைக் கொல்லலை" என்றார் நேரடியாக. "அதை நான் எழுதிக் குடுக்கத் தயார். ஆனா எழுத்து உங்களுக்குப் போதாதுன்னு தெரியுது. இங்கே குனிஞ்சு பாருங்க. இது உங்களோடது."

ரகப் குனிந்தார். வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு பரப்பு. அதன் நடுவே அங்கங்கே அடர் ஊதாப் புள்ளிகள் நெருக்கமாகக் கூடி வட்டம் வட்டமாக இருந்தன. புயல் எச்சரிக்கை நாளில் துறைக்குள் ஒட்டி ஒட்டி நிற்கும் படகுகள் மாதிரி அவருக்குத் தெரிந்தது.

"ரோஜா நிறத்துல இருக்கிறது நோய். ஊதாவா கூட்டமா இருக்கே, அது உங்க ஆளுங்க. கழுத்துல, அக்குள்ல நெறி கட்டுமே, ஞாபகம் இருக்கா? நோய் வந்தா உடம்போட காவல் அணுக்கள் கூடற இடம் அது. சில பேருக்கு அதே மாதிரி இடம் கட்டிக்குள்ளயே புதுசா முளைக்கும். ஏன் சிலருக்கு முளைக்குது, சிலருக்கு முளைக்கலைன்னு எங்களுக்கு இன்னும் சரியாத் தெரியலை. அங்கேயே தங்கி, எதிரி யாருன்னு அடையாளம் பழகும். உங்களுக்கு அறுவை செஞ்ச அன்னிக்கே, மருந்து ஒரு சொட்டு ஏறறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே, இத்தனை கூட்டம் உள்ளே இருந்திருக்கு."

"அப்ப மருந்து?"

"மருந்து கட்டை மட்டும்தான் அவிழ்க்கும் உஸ்தா. ஆளைக் கொண்டுவராது."

ரகப் நிமிர்ந்தார். "ஷெஹாத்தாவுக்கு?"

டாக்டர் மறுப்பாகத் தலையசைத்தார். "அதை உங்களுக்குக் காட்ட எனக்கு உரிமை இல்லை. அவரோட சம்சாரம் வந்து கேட்கணும்."

அன்று சாயங்காலம் ரகப் தங்கையின் வாசலில் நின்று, சாத்திய கதவிடம் எல்லாவற்றையும் சொன்னார். படகுக் கூட்டத்தைச் சொன்னார், கட்டை அவிழ்ப்பதைச் சொன்னார். பாதியில் தனக்கே குழம்பியது. போகலாம் என்று திரும்பியபோது அவள் குரல் வந்தது.

"உனக்குள்ள படை இருந்தது, அவருக்குள்ள இல்லேங்கிறே. பிழைச்சவன் சொல்ற கதை நல்லாத்தான் இருக்கு."

"நான் அவனோடதைப் பார்க்கலைம்மா. உன்னைத்தான் வரச் சொல்றாங்க."

புருஷனை இழந்தவளுக்கு விதித்த துக்கக் கெடுவான நாலு மாதமும் பத்து நாளும் அவள் வீட்டை விட்டு இறங்கவில்லை. அந்தக் கெடு முடிந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு ரகப்பின் கதவு தட்டப்பட்டது. அத்தியாத் கறுப்பு உடையில் நின்றாள். முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது.

"எந்திரி. எங்கேன்னு காட்டு."

மைக்ரோபஸ்ஸில் இருவர் உட்காரும் இருக்கையில் அவள் ஜன்னலோரம் நகர்ந்து நடுவே பையை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் இன்ஷிராஹ் அவளிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு ஒரு தட்டிலிருந்து கண்ணாடிச் சில்லை எடுத்து வைத்து, தானும் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"முதல்ல உங்க அண்ணனோடதைப் பாருங்க, எதைத் தேடறதுன்னு தெரியும்" என்றார். அத்தியாத் பார்த்தாள். ஊதாக் கூட்டங்களை விரல்விட்டு எண்ணினாள். ஏழு. "சரி. இப்ப அவரோடது."

ஷெஹாத்தாவின் சில்லு நுண்ணோக்கியின் கீழே வந்தது. ரோஜா நிறம். எங்கும் ரோஜா நிறம். ஓரத்தில் மட்டும் சில புள்ளிகள், ஒன்றோடொன்று சேராமல், வெளியிலேயே நின்றுவிட்டவை மாதிரி.

"எங்கே?" என்றாள்.

"இல்லைம்மா."

"இது ஒரு பக்கம்தானே. மத்த பக்கம்?"

டாக்டர் சில்லை நகர்த்தும் திருகைக் காட்டிக்கொடுத்தார். அத்தியாத் தானே நகர்த்தினாள். அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி, ஒரு கோடு இந்தப் பக்கம், ஒரு கோடு அந்தப் பக்கம் என்று விடாமல் தேடினாள். டாக்டர் அவளை அவசரப்படுத்தவில்லை. இன்னும் இரண்டு சில்லுகள் கேட்டாள், அவற்றையும் வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் கால் மணிக்கு மேல் போயிற்று. ரகப் கதவோரம் நின்றுகொண்டிருந்தார், உட்காரத் தோன்றவில்லை.

சட்டென்று அத்தியாத், "இதோ!" என்றாள். "இதோ இருக்கு பாருங்க, கூட்டமா! நீங்க பார்க்காம விட்டிருக்கீங்க!"

டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"அது கறுப்பும்மா. ஊதா இல்லை."

"கறுப்புன்னா?"

"புகைக் கரி. சிகரெட்டும் பட்டறைப் புகையும் நாள்பட நாள்பட உள்ளே தங்கிப்போனது."

அத்தியாத் மறுபடி குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு சட்டைக் காலர்ல இருக்கும் இந்தக் கறுப்பு" என்றாள் மெதுவாக. "எத்தனை தேச்சாலும் போகாது. முப்பத்தொரு வருஷம் தேச்சேன்."

அப்புறம்தான் அழுதாள். துக்க வீட்டில் அழாதவள், கபருக்குப் போன பெண்கள் திரும்பி வந்தபோது அழாதவள், அந்தக் கீழ்த்தள அறையில் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதாள். பக்கத்து அறையில் வேலை செய்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை மூடினார்கள். ரகப் ஒரு அடி முன்னால் வைத்தார்; அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

அழுது ஓய்ந்ததும் அவளுடைய கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"டாக்டர், அறுவை செஞ்ச அன்னிக்கே இது உங்க கண்ணுல பட்டிருக்கும்ல?"

"பட்டிருக்கும். பட்டது."

"அப்ப ஏன் சொல்லலை? இந்த மருந்து அவருக்கு எடுக்காதுன்னு தெரிஞ்சும் அத்தனை நாள் அங்கே உட்கார வெச்சீங்களா? தமன்ஹூர்ல மக வீட்டுக்கு ஒரு வாரம் போகணும்னு ஆசைப்பட்டாரு. ஊசி தவறிடும்னு நான்தான் போகவிடலை."

டாக்டர் இன்ஷிராஹ் சுற்றி வளைக்கவில்லை. "நான் எழுதற அறிக்கையில இதுக்கு ஒரு கட்டம் இல்லைம்மா. அப்ப இதோட எடை எனக்கும் தெரியாது. பார்த்தேன், கடந்து போயிட்டேன். இப்பவும் இது ஒரு தராசு மாதிரிதான். இந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். கூட்டம் இருந்தும் போனவங்க இருக்காங்க. ஒண்ணும் இல்லாமப் பிழைச்சவங்க இருக்காங்க. அதனால தெரிஞ்சிருந்தாலும் அவருக்கு அந்த மருந்தைக் குடுத்துத்தான் பார்த்திருப்போம். ஆனா ஊருக்குப் போயிட்டு வாங்கன்னு யாராவது சொல்லியிருக்கலாம். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை."

அத்தியாத் அவரைப் பார்த்தாள். பதில் இல்லை என்று ஒரு டாக்டர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. தோள்கள் கொஞ்சம் இறங்கின.

டாக்டர் தயங்கி இன்னொன்றைச் சொன்னார். அந்த மருந்து போட்டுக்கொண்டவர்களின் துண்டுகளை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்து வருவதாக, இதுவரை முப்பத்தெட்டுப் பேர். அறிக்கையில் அந்தக் கட்டம் வரவேண்டுமானால் இன்னும் நிறையப் பேருடையது வேண்டும். ஷெஹாத்தாவின் துண்டை அந்த ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள அனுமதி தருவாளா?

"கெட்டுப்போகாதா?"

"மெழுகுல பதிச்சு வெச்சிருக்கோம். நம்ம எல்லாரையும் விட அதிக நாள் இருக்கும்."

இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன மெழுகுக் கட்டியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். விரல் நகம் அளவுக்கு, உள்ளே சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று. அத்தியாத் அதை மூடிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள்.

"அவரு பேரை எழுதி வைப்பீங்களா?"

"பேரு எழுதக்கூடாதும்மா. எண்தான்."

"என்ன எண்?"

"நாற்பத்தொன்று எழுபத்திரண்டு."

"வெச்சுக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு ரகப் பக்கம் திரும்பாமலே, "இவரு மருந்தை நிறுத்திட்டாராம். கேட்டீங்களா?" என்றாள்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி மெர்வத் எழுதி வெச்சிருக்கா."

"வருவாரு" என்றாள் அத்தியாத்.

திரும்பும்போது மைக்ரோபஸ்ஸில் கூட்டம். கிடைத்தது பின்வரிசைதான், நடுவே பை வைக்க இடம் இல்லை. கடலோரச் சாலையில் வண்டி திரும்பியதும் உப்புக்காற்று அடித்தது. ரகப் இரண்டு தடவை வாயெடுத்து அடங்கினார். மூன்றாம் தடவை கேட்டுவிட்டார்.

"என்னை மன்னிச்சிட்டியாம்மா?"

"மன்னிக்க என்ன இருக்கு? நீ ஒண்ணும் பண்ணலைன்னு என் கண்ணாலயே பார்த்துட்டேனே." அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா நீ இருக்கே, அவரு இல்லே. உன்னைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு அதுதான் தெரியுது. அது போக இன்னும் கொஞ்ச நாள் ஆகும் அண்ணே. அவசரப்படுத்தாதே."

"சரிம்மா."

இரண்டு நிறுத்தம் போனது. மீன் கூடையோடு ஒருத்தி ஏறினாள். எல்லோரும் முழங்காலை ஒடுக்கிக்கொண்டார்கள்.

"அந்த எண் என்ன சொன்னாங்க?" என்றார் ரகப். "நாற்பத்திரண்டு எழுபத்தொண்ணா?"

"நாற்பத்தொண்ணு எழுபத்திரண்டு" என்றாள் அத்தியாத். "தப்பாச் சொல்லாதே."

அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சரியாக வரும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.